பச்சைக்கிளிக்கு அனுமதி இல்லை, பஞ்சவர்ணக்கிளிக்கு உண்டு

பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சை வீட்டில் வளர்த்தால் அது குற்றம். தென் அமெரிக்கப் பஞ்சவர்ணக்கிளியை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, அரசின் இணையதளத்தில் பதிவு செய்து வளர்த்தால் சட்டப்படி சரி. இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். "ஏழை வளத்தா தப்பு, பணக்காரன் வளத்தா சரியா? இன்னாபா சட்டம் இது?" என்று ஒரு பெரியவர் என்னிடமே சண்டைக்கு வந்தார், ஏதோ சட்டத்தை நான்தான் போட்ட மாதிரி.

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா மாறுதல், வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று ஆன்லைன் வேலைதான் சோறு போடுகிறது. 2024 ஆகஸ்டில் அந்த வரிசையில் கிளிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளிநாட்டுப் பறவை, பிராணி வைத்திருப்பவர்கள் 28-ஆம் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. வாட்ஸ்அப் செய்தியை நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இது உண்மைச் செய்தி. அடுத்தவருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் விதியைப் படித்துத்தானே ஆக வேண்டும்? படித்தேன். நான் வக்கீலும் இல்லை, பறவை வளர்ப்பவனும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு உயிர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. புலி, மான், மயில், உடும்பு எல்லாம் அதன் அட்டவணைகளில் இருந்தன. அமேசான் கிளியும் ஆப்பிரிக்க மலைப்பாம்பும் இல்லை. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976-லேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தின் பட்டியல் நம் வனச் சட்டத்துக்குள் வரவில்லை. இதனால் என்ன ஆனது என்றால், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்கத்துறை பெட்டியைத் திறந்து பார்த்தால் அது கடத்தல். பெட்டி எப்படியோ வெளியே வந்து வாலாஜா டோல்கேட்டைத் தாண்டிவிட்டால் அது ஒருவருடைய செல்லப்பிராணி. 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வன அதிகாரியின் கையில் சட்டம் இல்லை.

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. முதல் இரண்டும் நம் விலங்குகள், மூன்றாவது தாவரங்கள், நான்காவதுதான் சைட்டிஸ் பட்டியல். அந்த நான்காம் அட்டவணை உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம். புதிதாக வாங்குகிறவர்கள் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் போட்டால் அது மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். அத்தோடு முடியாது. குஞ்சு பொரித்தால் சொல்ல வேண்டும், கைமாற்றினால் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும்.

பச்சைக்கிளி இருப்பது இரண்டாம் அட்டவணையில். அதற்குப் பதிவு என்ற பேச்சே கிடையாது. காட்டில் இருக்க வேண்டியது, பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது. அப்படிப் பிடித்த உயிர் மாநில அரசின் சொத்து என்கிறது 39-ஆம் பிரிவு. நம் நாட்டுப் பறவைகளின் வணிகத்துக்கு 1990-களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் திருவிழாக் கூட்டத்தில் கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சீட்டு எடுக்கிற அந்தக் கிளி, கண் திறக்காத வயதில் ஏதோ ஒரு பொந்திலிருந்து எடுக்கப்பட்டது. கூண்டில் வளர்த்துப் பெருக்கியது கிடையாது. பெரியவர் பேசிய ஏழை பணக்காரன் வித்தியாசம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. சட்டம் விலையைப் பார்க்கவில்லை, உயிர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறது. பாலாற்றங்கரைப் பனையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தால் இந்த ஊரில் ஒரு கிளி குறைகிறது. நான்கு தலைமுறையாகக் கூண்டில் பிறந்த ஒரு கிளியை வாங்கினால் எந்தக் காட்டிலும் எதுவும் குறையாது. அது நிஜமாகவே கூண்டில் பிறந்ததாக இருந்தால்.

அந்த 'இருந்தால்' பற்றி நிறையப் பேச வேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம். பறவைக்காரர்கள் 'ரிங்நெக்' என்று நீலத்திலும் மஞ்சளிலும் விற்கிறார்களே, அது வேறு இனம் இல்லை. நம் பச்சைக்கிளியேதான், நிறம் மாறிப் பிறந்தது. உலக வணிகத்தில் இந்தக் கிளிக்குத் தடை இல்லை, சைட்டிஸ் இரண்டாம் பட்டியலிலிருந்து அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். லண்டன் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகப் பறந்து அங்கே தொல்லையாகவே ஆகிவிட்டது. இங்கே அது இரண்டாம் அட்டவணை. நீலக் கிளியோடு வந்த ஒரு தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பெயிண்ட் அடிச்சாலும் பச்சைதானா அண்ணா?" என்றான். சரியாகவே புரிந்துகொண்டான்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வருவோம். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதிவே தேவைப்படவில்லை. இன்னொரு பாதிப் பேர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவர்கள், ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் பட்ஜி, ஆஸ்திரேலியக் குருவிக்கிளி. அதற்கு இந்தப் பதிவு வேண்டாம். காக்கடீல் கிளிக்கும் வேண்டாம். 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று விற்பதில்தான் சிக்கல். அதில் பீச் ஃபேஸ் என்கிற வகைக்கு விலக்கு உண்டு, ஃபிஷர் வகைக்கு இல்லை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தடிப்பாக இருந்தால் ஃபிஷர் போன்ற வளையக்கண் வகை, பதிவு வேண்டும். இல்லாவிட்டால் பீச் ஃபேஸ். இந்த ஒரு வளையத்தைப் பார்ப்பதற்காகப் பல பேருடைய செல்போன் போட்டோவை ஜூம் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு வகையையும் ஒரே கூண்டில் விட்டுக் கலப்புக் குஞ்சு எடுத்துவைத்திருந்த ஒருவர் வந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்து, வனத்துறையிலேயே கேளுங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

புறாக்காரர்களுக்குக் கவலை இல்லை. கர்ணப்புறா, ஹோமர் எல்லாம் வீட்டுப்புறா. ஆனாலும் வேலூர் சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாய் விசாரிக்க வந்தார். மொட்டைமாடி நிறையப் புறா வைத்திருக்கிறாராம். வேண்டாம் என்றதும் அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. சர்டிபிகேட் கிடைத்தால் ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்று நினைத்திருப்பார் போல.

சன் கான்யூர், குவேக்கர் என்கிற கிளிகள், நீலமும் மஞ்சளும் கலந்த மக்காவ் என்கிற பஞ்சவர்ணக்கிளி, இகுவானா என்கிற ஓணான் வகை, பால் பைத்தான் பாம்பு, மார்மோசெட் குரங்கு ஆகிய எல்லாம் நான்காம் அட்டவணையில் வரும். ஆப்பிரிக்கன் கிரே கிளி அதிலும் ஒரு படி மேலே. காடுகளில் அதன் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனதால் 2016-இல் சைட்டிஸ் கூட்டத்தில் அதை அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். அப்படிப்பட்ட இனத்தை வளர்ப்பதற்குப் பதிவு போதும், குஞ்சு எடுத்து விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். 'பிரீடிங் பேர்' என்று ஜோடி வைத்து வீட்டிலேயே தொழில் நடத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

படிவத்தில் அறிவியல் பெயர், வயது, பால், அடையாளம், எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் நிரப்ப வேண்டும். பால் என்ற இடத்திலேயே பலர் நின்றுவிட்டார்கள். கான்யூரிலும் கிரேயிலும் ஆண் பெண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டி.என்.ஏ. சோதனைதான். "ரெண்டு வருஷமா ராணின்னு கூப்பிடறோம், அதனால பொண்ணுன்னு போடுங்க" என்றார் ஒரு அம்மா. அதற்குமேல் நின்றவர்கள் 'எப்படிக் கிடைத்தது' என்ற கட்டத்தில் நின்றார்கள். அங்கேதான் கடையில் ஒரு மௌனம் விழும். பில் இருக்கிறதா? இல்லை. விற்றவர் பெயர்? இன்ஸ்டாகிராமில் ஒரு ஐ.டி. இப்போது அந்த ஐ.டி. இல்லை. பணம்? ஜீபேயில் போனது. கிளி எப்படி வந்தது? பெங்களூரிலிருந்து பஸ்ஸில், கண்டக்டரிடம் சொல்லி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில்.

காட்பாடி இதற்கு வாகான ஊர். சென்னை பெங்களூர் ரயில்கள் எல்லாம் நின்று போகும் ஜங்ஷன். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. சட்டம் மத்திய சட்டம், சித்தூரிலும் அதேதான். ஆனால் தலைமைக் காப்பாளர் வேறு, அலுவலகம் வேறு. அங்கே பதிவாகி இங்கே கைமாறுகிற பறவையின் தாள் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். விற்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. "நீங்களே புதுசா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் ப்ரோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வாங்கியவர் என் கடையில் வந்து நிற்பார்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் இருக்கிற வருத்தமே இதுதான். பதிவு கடைசிக் கையிலிருந்து தொடங்குகிறது. 2020 ஜூனில் மத்திய அமைச்சகம் ஒரு தன்னார்வ அறிவிப்புத் திட்டம் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குள் தானாக முன்வந்து 'என்னிடம் இந்த உயிர் இருக்கிறது' என்று சொல்பவரிடம் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. நோக்கம் புரிகிறது. நாட்டில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கே இல்லாதபோது எங்காவது ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும்? ஆனால் பாங்காக் விமானத்தில் சூட்கேஸுக்குள் வந்த உயிருக்கும், மூன்று தலைமுறையாக இங்கே கூண்டில் பிறந்த உயிருக்கும் ஒரே மாதிரி தாள் கிடைக்கிற வாசலை அது திறந்துவிட்டது. பழையது எல்லாம் சுத்தம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்து வருகிறதையும் பழையது என்று சொல்லத் தோன்றாதா? சென்னை விமான நிலையத்தில் பாம்பும் ஆமையும் குரங்குக் குட்டியும் பிடிபட்ட செய்திகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தன. பிடிபட்டவற்றில் பலவற்றைத் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பயணத்தில் எத்தனை உயிரோடு போய்ச் சேரும் என்பது வேறு கதை.

விற்பவருக்கும் விதி இல்லாமல் இல்லை. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தவே கூடாது. வாங்கப் போகிறவர்கள் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். இன்ஸ்டாகிராம் வியாபாரிக்குக் கடையே கிடையாது, எங்கே போய்ச் சான்றைப் பார்ப்பது?

பால் பைத்தான் வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவன் வந்தான். ஹாஸ்டலில் வைக்க முடியாமல் நண்பனின் வாடகை அறையில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தானாம். மேற்கு ஆப்பிரிக்காவின் பாம்பு, விஷம் இல்லை, சாது. அவனைப் பயமுறுத்தியது சட்டம் இல்லை, ஹவுஸ் ஓனர். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்து, நம் ஊர் மலைப்பாம்பு என்று நினைத்து வனத்துறைக்கு போன் போட்டால் என்ன ஆகும்? நம் மலைப்பாம்பு முதல் அட்டவணை. நிரூபணமானால் குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஏழு வருடம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கையில் பதிவுத் தாள் இருந்தால், இது அது இல்லை என்று காட்டலாம். அவனுக்கு அந்தத் தாளின் அருமை உடனே புரிந்தது. உள்ளூர் விதி என்று ஒன்று உண்டென்றால், வேலூரில் அதன் பெயர் பெரும்பாலும் ஹவுஸ் ஓனர்தான். மாநகராட்சிக்காரர்களின் கவலை நாயோடு முடிந்துவிடுகிறது.

ஆமை விஷயத்தில் நம் ஆட்கள் விசித்திரமானவர்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த அதே ஊரில்தான், வாஸ்துவுக்கு நல்லது என்று இப்போது ஆமை வாங்குகிறார்கள். அதுவும் நட்சத்திர ஆமை. வேலூரிலிருந்து சித்தூர், கோலார் வரைக்கும் உள்ள முட்புதர்க் காடுகளில் வாழ்கிற உயிர் அது. 2019-இல் சைட்டிஸ் முதல் பட்டியலுக்கு ஏறியது, 2022 திருத்தத்தில் நம் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. அதை வீட்டில் வைத்தால் ஆமையும் அமீனாவும் ஒன்றாகவே வருவார்கள். மண்ணுளிப் பாம்பும் இதே ரகம்தான். இரண்டு தலை, கோடிக்கணக்கில் விலை என்று யாரோ கிளப்பிவிட, திருப்பத்தூர் வரைக்கும் ஆட்கள் சாக்கோடு அலைகிறார்கள். அதற்கு இரண்டாவது தலையும் இல்லை, சொல்கிற விலைக்கு வாங்குகிற ஆளும் இல்லை. போலீஸ் மட்டும் நிஜம்.

இன்னொரு பக்கம், சட்டம் கண்டுகொள்ளாத உயிர்கள் செய்கிற வேலை இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்கக் குட்டி ஆமையை மீன் கடையில் பத்து ரூபாய் நாணயம் அளவில் வாங்குவார்கள். அது தட்டு அளவுக்கு வளரும், தண்ணீர் நாறும், உடனே கோயில் குளமோ ஏரியோ ஞாபகத்துக்கு வரும். புண்ணியம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். டேங்க் கிளீனர் மீனும் அப்படித்தான் தொட்டியிலிருந்து ஏரிகளுக்குப் போனது. முதுகில் முள்ளும் உடம்பில் ஓடு மாதிரி செதிலுமாக, வலையைக் கிழிப்பதைத் தவிர மீன்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு ஒன்றை 2022 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கிளிப் பதிவைவிட இதற்குத்தான் அவசரம் அதிகம். கூண்டில் இருக்கிற மக்காவ் யாரையும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

வாங்குகிறவர்கள் யோசிக்காத இன்னொன்று, நோய் வந்தால் எங்கே போவது என்பது. பொய்கை சந்தைக்கு வரும் மாட்டுக்கு இங்கே வைத்தியம் தெரிந்தவர்கள் நிறைய. நாய்க்கும் ஆள் உண்டு. மூக்கில் நீர் வடிகிற கான்யூருக்கு? சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும், 130 கிலோமீட்டர். மே மாத வேலூர் வெயிலில் மழைக்காட்டுப் பறவையை ரயிலில் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். ஏ.சி. போட்டு வளர்க்கிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் போகிற நேரத்தை எல்லாம் கணக்கில் எடுத்தார்களா, தெரியவில்லை.

இப்போதும் வாரத்துக்கு ஒருவராவது விசாரிக்க வருகிறார்கள். பச்சைக்கிளி என்றால் வனத்துறையிடம் நீங்களாகவே போய்க் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். 2023-இல் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் வனத்துறையே அப்படி ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தது. மொட்டைமாடியிலிருந்து பறக்க விடாதீர்கள். வருடக்கணக்கில் கூண்டில் இருந்தது சாயங்காலத்துக்குள் பூனை வாயில் போகும். வாங்கப் போகிறேன் என்றால், முதலில் விற்பவரின் பதிவு எண், பிறகு குஞ்சு பிறந்ததற்கான தாள், காலில் வளையம் இருந்தால் அதன் எண், கடைசியில்தான் விலை என்கிறேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு திரும்பி வருவதில்லை. வாங்காமல் விட்டார்களா, பதிவு செய்யாமல் வாங்கினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் வந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். அவருடைய ஆப்பிரிக்கன் கிரேக்கு எட்டு வயது. இந்த வகைக் கிளி நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். 2024-லேயே ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டார். இப்போது அவர் கேட்பது, தனக்குப் பிறகு பேரன் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று வேண்டுமா, இல்லை இப்போதே கைமாற்றம் என்று போட்டுவிடலாமா என்று. உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது சுலபம் சார், பேரனையும் ஆதாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். பேரன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறானாம். அவன் இருக்கிற அபார்ட்மென்ட்டில் சத்தம் போடுகிற பறவைக்கு அசோசியேஷன் விடாதாம். கர்நாடகாவுக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு தகவல் கொடுக்க வேண்டும். மகளைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.